ஜாஸா, இல்லையா? தீர்ப்புச் சொல்லும்போது நேரும் தவறுகள்

சாக்ஸபோன் கேட்டாலே ஜாஸ் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஜாஸ் என்ற பெயரில் வெளிவந்த முதல் இசைத்தட்டை 1917 பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் பதிந்தது. டிரம்பெட்டின் உறவான கார்னெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ, டிரம்ஸ் உண்டு, சாக்ஸபோன் கிடையாது. மின்கருவி வந்தால் ஜாஸ் போச்சு என்பதும் இதே ரகம்தான். சார்லி கிறிஸ்டியன் 1939இலேயே பென்னி குட்மன் குழுவில் மின்கிதார் வாசித்தார்.

வாசிக்கும்போதே புனைவதுதான் ஜாஸ் என்ற வாதம் வலுவாகத் தெரியும். அப்படியானால் கர்நாடக இசையில் மேடையிலேயே புனையும் கற்பனைஸ்வரமும் ஜாஸ்தான்! மறுபக்கமும் இடிக்கிறது. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1926இல் பதிந்த 'கார்னெட் சாப் சூயி' அந்த நொடியில் பிறந்ததுபோல ஒலிக்கும். ஆனால் 1924இல் பதிப்புரிமைக்காக எழுதிக் கொடுத்த தாளிலேயே அந்தத் தனி வாசிப்பு இருக்கிறது.

ஸ்விங்கை, அதாவது ஜாஸின் ஊசலாடும் தாள நடையை, அளவுகோலாக எடுப்பவர்கள், ஒரு பீட்டை (தாளத் தட்டை) நெடிலும் குறிலுமாக 2:1 பிரிப்பதுதான் அது என்பார்கள். மிதமான வேகத்தில் ஏறக்குறைய சரி. நிமிடத்துக்கு 300 பீட் ஓடும்போது இரு பாதியும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். டிரம்ஸில் தாளத்தை ஓட்டும் ரைட் சிம்பல் என்ற உலோகத் தட்டைக் கவனித்தால் புரியும்.

தனி வாசிப்பு என்றால் இஷ்டத்துக்கு வாசிப்பது என்று நினைப்பது இன்னொரு தவறு. மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' (1959) கேளுங்கள். தாளமில்லாத முன்னுரையை விட்டுவிட்டு, பாஸ் கேள்விபோல இழுக்க மற்றவை இரண்டே கார்டில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்தில்) பதில் சொல்லும் இடத்திலிருந்து, ஒரு பாருக்கு (தாளப் பகுதிக்கு) நான்கு பீட்டாக எண்ணுங்கள். 16 பார் ஒரே தளம். 17ஆவது பாரில் மொத்த இசையும் அரை ஸ்வரம் மேலேறும், 25இல் இறங்கும், 32இல் சுற்று முடியும். டிரம்பெட் தனியாகக் கிளம்பிய பிறகும் அடியில் இதே 32தான் சுழலும். எண்ணிக்கை தவறினால் அந்த ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இதையும் சட்டமாக்கிவிடாதீர்கள். அதே ஆண்டு சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கில் இந்தக் கார்டுச் சுற்றையே கைவிட்டு வாசித்தார், சண்டை மூண்டது. 1961இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பையே 'ஜாஸுக்கு எதிரானது' என்று டவுன் பீட் என்ற ஜாஸ் இதழில் எழுதினார்கள்.

கலைஞர்களெல்லாம் இந்தப் பெயருக்காக மல்லுக்கட்டுகிறார்கள் என்று எண்ணுவதும் பிழை. இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனுக்கும் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுக்கும் 'ஜாஸ்' என்ற சொல்லே பிடிக்கவில்லை. டிரம்பெட் கலைஞர் நிக்கலஸ் பேட்டன் 2011இல் அதை உதறிவிட்டு, 'பிளாக் அமெரிக்கன் மியூசிக்' என்றே சொல்லுங்கள் என்றார்.