பாதி வேலையில் இருக்கும் கான்டசாவை ரோட்டில் எடுக்கும்போது

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கான்டசா காரைப் புதுப்பிக்கும் வேலை முடிந்து, பளபளவென்று நிற்கும்போது பார்த்தால் ஜனங்கள் ரெண்டடி தள்ளி நின்று போட்டோ எடுப்பார்கள். பெயின்டுக்கு அடிப்பூச்சான சாம்பல் பிரைமர் பூசி, பம்பர் கழற்றி, டோர் லைனிங் இல்லாமல் வரும் கான்டசாவுக்கு அந்த மரியாதை கிடையாது. தகரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், கதவுக்குள் கை விடுவார்கள், பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். பாதியில் நிற்கும் வீடும் பாதியில் நிற்கும் வண்டியும் ஊருக்குப் பொது. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்கு விட்டுவிட்டு கொழிஞ்சாம்பாறைக்கும் பாலக்காட்டுக்கும் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இது ரெட்டிப்பு. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழில் ஒரு சுற்று, அந்தப் பக்கம் மலையாளத்தில் ஒரு சுற்று.

கூட்டம் கூடுவதைத் தடுக்க முடியாது. எங்கே கூட வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதுவும் நிறுத்தினால் மறுபடி கிளம்பும் வண்டியாக இருந்தால்தான்.

கான்டசாவுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? மசில் கார் என்ற பெயர்தான். அமெரிக்கக் கணக்கில் மசில் கார் என்றால் 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. மாதிரி பெரிய வி8 எஞ்சின் வைத்த வண்டி. கான்டசா அந்தக் கணக்கில் வராது. இங்கிலாந்தின் வாக்ஸால் கார் உடம்புக்குள் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினை வைத்து ஆரம்பித்தார்கள். பிறகுதான் 1817 சி.சி. இசுசு பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. 2002-ல் உற்பத்தி நின்றது. ஆனாலும் அந்த நீண்ட பானெட்டையும் அகலமான முகத்தையும் பார்த்து நம் ஊரில் அதைத்தான் மசில் கார் என்கிறோம். கூட்டத்துக்கு அது போதும்.

பேப்பர் சரியாக இல்லையென்றால் ரோட்டுக்கே வேண்டாம்

பாதி வேலை வண்டி என்று சட்டத்தில் தனி வகை கிடையாது. தனியார் காரின் பதிவு 15 வருடம். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக வந்த கான்டசாவே அந்த 15 வருடத்தைத் தாண்டிவிட்டது. ஆர்.சி. காலாவதி ஆகியிருந்தால் டெஸ்ட் டிரைவ் என்ற பேச்சே வேண்டாம், ரிக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டு போங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் உயிரோடு இருக்க வேண்டும்.

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எந்த வழியில் போனாலும் எல்லையில் யாராவது கை காட்டுவார்கள், பிரைமர் பூசிய வண்டி என்றால் நிச்சயம் காட்டுவார்கள். முதல் கேள்வி நிறம்: ஆர்.சி.யில் வெள்ளை, எதிரே நிற்பது சாம்பல். பழைய நிறத்தில் இருந்தபோது எடுத்த போட்டோ, பட்டறை பில் இரண்டையும் போனில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். இது சட்டப்படி அனுமதி ஆகாது. ஆனால் திருட்டு வண்டியா என்ற சந்தேகத்தைப் பேச்சு நீளும் முன்பே தீர்த்துவிடும். கடைசியில் வேறு நிறம் அடிப்பதாக இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது சேஸிஸ் நம்பர். டிங்கர் கடையில் பட்டியும் பிரைமரும் போடும்போது நம்பரை மூடிவிடுவது சர்வ சாதாரணம். வேலை தொடங்கும் முன்பே அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். மூடிவிட்டிருந்தால் தின்னர் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்தால் அழித்த மாதிரி ஆகிவிடும். எஞ்சின் மாற்றியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கறார்.

மூன்றாவது நம்பர் பிளேட். பம்பர் கழற்றிய வண்டியில் பிளேட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் சாய்த்து வைக்கும் பழக்கம் இருக்கிறது, அது செல்லாது. 3 மி.மீ. பட்டைக் கம்பியை பம்பர் பிராக்கெட்டில் போல்ட் போட்டு அதில் பிளேட்டை மாட்டுங்கள். உயர் பாதுகாப்புப் பிளேட்டின் பூட்டை உடைத்துத்தான் எடுக்க முடியும். அதனால் அந்தப் பட்டையோடு சேர்த்துக் கழற்றும்படி அமைத்துக்கொண்டால் பெயின்ட் நாளில் தலைவலி இல்லை.

சீட் பெல்ட் கட்டாயம். கேரளாவில் 2023 ஜூன் முதல் கேமராவே பார்த்து அபராதம் போடுகிறது. தரைத் தகரம் துரு தின்றிருந்தால் பெல்ட் போல்ட் இருந்தும் பிரயோஜனமில்லை, முதலில் அங்கே வெல்டிங் வையுங்கள். வாளையார் தாண்டி பாம்பாம்பள்ளம் டோல் இருக்கிறது. ஃபாஸ்டேக் இல்லாமல் போனால் கூடுதல் பணமும் போகும், வரிசையில் நின்று எஞ்சினும் சூடாகும்.

நிறுத்தினால் கிளம்ப வேண்டும்

இருபது பேர் சுற்றி நிற்கும்போது ஸ்டார்ட் ஆகாத வண்டியை விட அவமானமானது வேறில்லை. அவமானம் போகட்டும், ஆளாளுக்குப் பானெட்டுக்குள் கை விட ஆரம்பிப்பார்கள், அதுதான் ஆபத்து. பாதி வேலை வண்டிகள் இந்த இடத்தில் கவிழ்வதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது எர்த். உடம்பு முழுக்கப் பிரைமர் அடித்தால் எர்த் வயர் உட்காரும் இடத்திலும் அடித்திருப்பார்கள். பிரைமர் வழியாகக் கரண்ட் போகாது. ஸ்டார்ட்டர் முக்கும், ஹெட்லைட் போட்டால் இண்டிகேட்டர் மங்கும், ஹாரன் அழுத்தினால் வைப்பர் துடிக்கும். பாட்டரியிலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு என்று இரண்டு எர்த் பட்டைகளையும் கழற்றி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். விளக்குகளின் எர்த்துக்கும் இதே வைத்தியம். பாட்டரி வீக் என்று புதுசு வாங்கியவர்களில் பல பேருக்கு வேண்டியிருந்தது இந்த அரை மணி நேர வேலைதான்.

இரண்டாவது ரேடியேட்டர். ஃபேனைச் சுற்றி இருக்கும் கூடான ஷ்ரவுட் பாதி வேலை வண்டிகளில் பெரும்பாலும் பட்டறை மூலையில் கிடக்கும். ஓடும்போது காற்று தானாக வருவதால் குறை தெரியாது. கூட்டத்துக்கு நடுவே ஐடிலில் நின்றால் ஃபேன் பக்கத்துக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது, முள் ஏறும். ஷ்ரவுட்டை மாட்டாமல் ரோட்டுக்கு வராதீர்கள். கிடைக்கவில்லையென்றால் 12 அங்குல எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றை ரிலேயும் தனி ஃபியூஸும் போட்டு, டாஷ்போர்டில் சுவிட்ச் வைத்து மாட்டுங்கள். போர் தண்ணீர் ஊற்றியே ஓடிய ரேடியேட்டரில் உப்பு படிந்து குழாய் அடைத்திருக்கும். கழற்றிக் கொடுத்து ராடு விட்டுச் சுத்தம் செய்த பிறகு கூலன்ட் ஊற்றுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. பக்கத்தில் நிற்பவர் யாராவது "நான் திறக்கிறேன்" என்று துண்டோடு வருவார், விடாதீர்கள்.

மூன்றாவது சூட்டு ஸ்டார்ட். எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, எக்ஸாஸ்ட் சூடு மேலே ஏறி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதிக்கும். கொதித்தது மேனிஃபோல்டுக்குள் வழிந்து, பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் ஃபிளட் ஆகும். நிறுத்திப் பத்து முதல் இருபது நிமிடம்தான் மோசமான நேரம். சரியாக ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிடும் நேரம்! அதனால் நின்றால் ஐந்து நிமிடத்துக்குள் கிளம்புங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரம் உட்காருங்கள். இடையில் மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரைப் பம்ப் பண்ணாதீர்கள், சோக் இழுக்காதீர்கள். பெடலை அடிவரை மிதித்து அப்படியே பிடித்து, ஐந்தாறு விநாடி ஸ்டார்ட்டர் போடுங்கள். எஞ்சின் பிடித்ததும் காலை எடுங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் அரை நிமிடம் விட்டு மறுபடி. நிரந்தரத் தீர்வு கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் 6 முதல் 10 மி.மீ. பேக்லைட் ஸ்பேசர் வைப்பதும், பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கட்டுவதும்.

நான்காவது பெட்ரோல் கசிவு. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். 1990-கள் ரப்பர் ஹோஸ் அதில் ஊறி, உப்பி, வெடிப்பு விடும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றி, புது கிளிப் போடுங்கள். பீடி பற்றவைத்தபடி எட்டிப் பார்க்க ஒருவராவது இருப்பார், அவரைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. 2 கிலோ ஏ.பி.சி. தீயணைப்பான் டிரைவர் சீட்டுக்கு முன்னால் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல.

இன்னொன்று, சைலன்சர். பாதிக் குழாயோடு ஓட்டினால் சத்தம் கூடும், கூட்டமும் கூடும், போலீசும் கூடும் என்பது தெரிந்ததுதான். கார்பெட் இல்லாத தரையில் ரப்பர் அடைப்பான்கள் போன ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறுவது பலருக்குத் தெரியாது. ஊர்வலம் போல ஊர்ந்து போகும்போது தலை கனத்தால் அது வெயில் இல்லை. ஓட்டைகளை அடைத்து, குழாய் பின்பக்கம் வெளியே நீளும்படி போட்டுவிட்டு எடுங்கள்.

கை படும் இடங்கள்

பம்பர் பிராக்கெட்டின் முனை ஒரு குழந்தையின் நெற்றி உயரத்தில் இருக்கிறது. பழைய தோட்டத்து ஹோஸை நீளவாக்கில் கீறி விளிம்புகளில் மாட்டி, கேபிள் டை போடுங்கள். லைனிங் இல்லாத கதவில் கண்ணாடி ஏற்றும் கத்தரிக்கோல் அமைப்பு விரலை நசுக்கும். அட்டையாவது வெட்டி ஸ்க்ரூ போடுங்கள். எம்பிளம், கிரில், வீல் கப் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அவை தொலைந்தால் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய ஸ்பேர் கடைகளில் வாரக் கணக்கில் அலைய வேண்டும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

பிரைமர் பற்றி. டிங்கர் கடையில் பட்டிக்கு மேல் அடிக்கும் சாதா சர்ஃபேசர் ஈரத்தை உறிஞ்சும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் சாரல் அடிக்கும்போது அந்த உடம்போடு ரெண்டு மாதம் ஓட்டினால் அடியில் துரு ஆரம்பித்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பகுதி கலக்கும் எப்பாக்சி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். தொடும் கைகளின் வியர்வையும் எண்ணெயும் எதில் பட்டாலும் கெடுதல்தான். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் பிறகு கொப்புளம் வரும். பெயின்டுக்கு முன் முதலில் மெழுகு-கிரீஸ் நீக்கியால் துடையுங்கள், அப்புறம் 400 நம்பர் பேப்பர். தேய்த்துவிட்டுத் துடைத்தால் எண்ணெயைக் கீறலுக்குள் தள்ளின கதைதான்.

ஓடும்போது

கூடவே வரும் பைக்தான் பெரிய தொல்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் ஹேண்டில்பார். நம் பின்பக்க ஓரத்தில், கண்ணாடியில் தெரியாத இடத்திலேயே வருவார்கள். படம் பிடிக்க முன்னால் போய் திடீரென்று வேகத்தைக் குறைப்பார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டாமல் எடுக்காதீர்கள். புது பிரேக் ஷூ பழகும்வரை முன்வண்டியோடு நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். பைக் ஒட்டி வந்தால் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் மெதுவாகி, கையசைத்துப் போகச் சொல்லுங்கள். சும்மா ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினாலும் அது பந்தயத்துக்கு அழைப்பு. அந்த வீடியோ நம்பர் பிளேட்டோடு இணையத்தில் ஏறினால் அதைப் பார்த்தே நோட்டீஸ் வரலாம்.

பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை, அன்று ஊருக்குள் நுழையாதீர்கள். ஏப்ரல் முதல் வாரம் கேரளப் பக்கம் நெம்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழா. அந்த நாளில் கொல்லங்கோடு வழி புது வண்டிக்கே கஷ்டம்.

நிறுத்தும் இடமும் பேச்சும்

ஊர் முக்கு டீக்கடை வேண்டாம். ஊரைத் தாண்டி, மண் தரை அகலமாக உள்ள கடை பாருங்கள். சுவரை ஒட்டி இடது பக்கம் வைத்தால் ஒரு பக்கம் மட்டுமே ஆள் வருவார்கள். முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்துங்கள், ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்காது. பானெட்டைத் திறந்தால் அரை மணி நேரம் போச்சு. சூடு போக வேண்டுமென்றால் முதல் கொக்கி மட்டும் விடுவித்து விடுங்கள். கிளம்பும் முன் அழுத்தி மூட மறக்காதீர்கள்.

கேள்விகள் எப்போதும் மூன்றுதான்: என்ன மாடல், என்ன மைலேஜ், கொடுக்கிறீங்களா. எல்லை தாண்டினால் "எத்ர கிட்டும்? கொடுக்குன்னுண்டோ?" என்று வரும். "கொடுக்குன்னில்ல சேட்டா, பணி கழிஞ்ஞிட்டில்ல" (கொடுக்கவில்லை அண்ணா, வேலை முடியவில்லை) என்று சிரித்தபடி சொன்னால் போதும். பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவில் பாதிப் பேர் தமிழிலேயே கேட்பார்கள். விலையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள், செலவையும் சொல்லாதீர்கள். சொன்னால் பேச்சு முடியாது. பின் கண்ணாடியில் இரண்டு மொழியிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: "வேலை நடக்கிறது. விற்பனைக்கு இல்லை. கான்டசா ஸ்பேர் இருந்தால் சொல்லவும்."

கூட்டத்தில் ஓரமாக நின்று எதுவும் கேட்காமல் டிக்கி கீலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வயதானவர் ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் நேரம் கொடுங்கள். மில் முதலாளிக்கோ எஸ்டேட்டுக்கோ டிரைவராக இருந்தவராக இருப்பார். எந்தத் தோட்டத்துச் சாளையில் இன்னொரு கான்டசா கோழி அடைந்து கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீடு திரும்பியதும் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து கூலன்ட் அளவு, பெட்ரோல் ஹோஸ் கிளிப், வீல் நட், பம்பர் பிராக்கெட் போல்ட் நான்கையும் பாருங்கள். பிரைமரில் பட்ட கைரேகையை அன்றே துடையுங்கள். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், அடியில் வேர்த்து ஈரம் தங்கும். காற்று போகும் துணிக் கவர், அதுவும் வண்டி முழுக்க ஆறிய பிறகு.