வண்ணக் கொக்கு ஈ: படத்தை வைத்துப் பெயர் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபரில், இரவெல்லாம் மழை அடித்து ஓய்ந்த ஒரு காலை. பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுச் சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே, மஞ்சளும் கறுப்புமாக ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பு ஓர் அங்குலம்கூட இல்லை. கால்கள் மட்டும் ஒரு தீப்பெட்டி நீளத்துக்கு விரிந்திருந்தன. கீழ் வீட்டு அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். “தள்ளுப்பா தம்பி. இவ்ளோ பெரிய கொசு! கடிச்சா டெங்குதான்.”

“அக்கா, அது கொசுவே இல்லை. குத்துற ஊசி அதுக்குக் கிடையாது, விட்டுடுங்க” என்று கெஞ்சி, அவசரமாக நாலு படம் எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் கிரேன் ஃப்ளை என்பார்கள். கொக்கு மாதிரி நெடுங்கால் என்பதால் நான் கொக்கு ஈ என்றே எழுதுகிறேன். உலகில் இதுவரை 15,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை மண் நிறம், சாம்பல் நிறம். மஞ்சள், ஆரஞ்சு, பளபளக்கும் கறுப்பு என்று வண்ணத்தோடு வருபவை கொஞ்சம்தான். அதனாலேயே அவைதான் அதிகம் படம் பிடிக்கப்படுகின்றன. லால்பாகில் எடுத்தது, துரஹள்ளி காட்டில் எடுத்தது, குடகுக்குப் போனபோது எடுத்தது என்று நண்பர்கள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கூடவே ஒரு பெயரும் வரும். அந்தப் பெயர் தவறாகிப்போகும் வழிகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

பெயர் தேடுவதற்கு முன்னால், அது கொக்கு ஈதானா என்று பாருங்கள். வண்ணக் கொக்கு ஈக்களில் பல குளவி வேஷம் போடுபவை. பெண்ணுக்கு வயிற்று முனை கூராக நீண்டிருக்கும். அதைக் கொடுக்கு என்று நினைத்து “குளவி” என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது மண்ணிலோ மக்கிய மரத்திலோ முட்டை வைக்கும் உறுப்பு, கொட்டாது. இறக்கையை எண்ணினால் குழப்பம் தீரும். குளவிக்கு நான்கு, கொக்கு ஈக்கு இரண்டு. பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில், குண்டூசி மாதிரி தலை தடித்த இரண்டு சின்னக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது சமநிலை பார்ப்பவை அவை. கொக்கு ஈக்கு இவை நீளம் என்பதால் சுமாரான படத்திலும் தெரியும். இன்னோர் அடையாளம், மார்பின் முதுகுப் பக்கத்தில் ‘வி’ எழுத்து போல ஓடும் ஒரு கோடு. இலையில் முன்னங்கால்களால் தொங்கிக்கொண்டு நான்கு இறக்கையோடு இருந்தால், அது தொங்கும் ஈ என்ற வேறு வகை. இரை பிடித்துத் தின்பது.

சரி, கொக்கு ஈதான் என்று உறுதியாகிவிட்டது. இப்போதுதான் பெரிய தவறுக்கு வருகிறோம்: நிறத்தை மட்டும் நம்புவது.

இரண்டு வருஷம் முன்னால் குடகில் ஓர் ஓடைக்கரையில் ஒன்றைப் படம் எடுத்தேன். ஆரஞ்சு வயிறு, கரிய இறக்கை, அதில் வெளிர்ப் பட்டை. ‘செலியோஃபோரா’ என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) என்று குறித்து வைத்தேன். (ஆங்கில எழுத்தில் தேடுபவர்கள் முதலில் ஒரு ‘பி’ சேர்த்துத் தேடுங்கள், உச்சரிப்பில் அது வராது.) அந்தப் பேரினத்துக்கு ஆரஞ்சும் கறுப்பும்தான் அடையாளம் என்று மனதில் பதிந்திருந்தது. போன மாதம் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பூச்சியின் தலையில் என் பார்வை நின்றது. முகம் முன்னால் நீளவே இல்லை, மொட்டையாக இருந்தது. செலியோஃபோராவுக்கு முகம் மூக்கு வைத்தது போல நீண்டு, அதிலிருந்து சாட்டை மாதிரி இரண்டு உணர்நீட்சிகள் தொங்க வேண்டும். ஆணாக இருந்தால் உணர்கொம்பு சீப்புப் பல்லாகப் பிரிந்திருக்கும். என் படத்தில் கொம்பு வெறும் நூல். அது எரியோசெரா என்ற இன்னொரு வகை. அதை லிமோனிடே என்ற வேறு குடும்பத்திலேயே வைக்கிறார்கள். அதே ஆரஞ்சு, அதே கறுப்பு, ஆனால் குடும்பமே வேறு.

எடுத்த இடத்தைக் குறித்து வைத்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். எரியோசெராவின் புழு ஓடை மணலிலும் சரளையிலும் வாழ்ந்து மற்ற சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னும். செலியோஃபோராவின் புழு வளர்வது மக்கும் மரத்துக்குள். எங்கள் படிக்கட்டுப் பூச்சியைப் போல மஞ்சளும் கறுப்புமாக மினுங்கும் நெஃப்ரோடோமா என்ற பேரினத்தின் புழு மண்ணில், புல் வேர்ப் பக்கம் இருக்கும். நகரத்துப் பூங்காவிலும் வீட்டுத் தோட்டத்திலும் அது கண்ணில் படுவதற்குக் காரணம் இதுதான். அதனால் படத்தோடு “ஓடைக்கரை”, “விழுந்த மரம்”, “புல்தரை” என்று ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். வெறும் “கர்நாடகா” போதாது.

நிறம் ஏமாற்றும் வழிகள் இன்னும் உண்டு. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பூச்சி வெளிறிப்போய் இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் கறுப்பு ஏறும். இறந்து நாளானதில் மஞ்சள் பழுப்பாகிவிடும். நெஃப்ரோடோமாவின் உடம்பு மெருகேற்றியது போலப் பளபளப்பதால் ஃப்ளாஷ் அடித்தால் முதுகுக் கோடுகள் வெள்ளையாக வெளுத்துப் போகும். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சாம்பல் பூச்சியும் ஆரஞ்சாகத் தெரியும். இறக்கையில் தெரியும் வானவில் நிறம் சோப்புக் குமிழியில் தெரிவது போன்றது. கோணம் மாறினால் அது போய்விடும், அதை அடையாளமாகக் குறிக்காதீர்கள். கழுத்துப் பக்கம் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். பல நேரம் அவை ஒட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு உண்ணிகள்.

ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எண்ணுவதும் சகஜம். செலியோஃபோராவில் ஆணின் சீப்புக் கொம்பு பெண்ணுக்கு இல்லை. வயிற்று முனை தடித்து மொட்டுப் போல இருந்தால் ஆண், கூராக முடிந்தால் பெண். முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். அதேபோல “இறக்கையை விரித்து உட்கார்ந்தால் ஒரு குடும்பம், மூடி உட்கார்ந்தால் இன்னொன்று” என்று சொல்வார்கள். நெஃப்ரோடோமா பலமுறை மூடித்தான் உட்காரும். அந்த விதியை மறந்துவிடலாம். கால் எண்ணிக்கையும் அப்படித்தான். தொட்டாலே கால் கழன்று விழும் பூச்சி இது, நாலு காலோடு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். காலைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம்.

அப்புறம் கைபேசிச் செயலி. படிக்கட்டுப் படத்தைப் போட்டதும் ஒரு நொடியில் ஓர் ஐரோப்பிய நெஃப்ரோடோமா இனத்தின் முழுப் பெயர் வந்தது. அங்கே எடுத்த படங்கள் ஏராளம், நம் ஊரில் எடுத்தவை குறைவு. கிடைத்ததில் எது கிட்டே இருக்கிறதோ அதைத்தான் செயலி சொல்லும். பேரினம் வரை அதன் பேச்சைக் கேட்கலாம். இனப் பெயர் வந்தால், அது இந்தியாவில் பதிவானதா என்று பார்க்காமல் ஏற்காதீர்கள்.

இனம் வரை போவது ஏன் இவ்வளவு கஷ்டம்? அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் அலெக்சாண்டர் (1889–1981) தனி ஒருவராகச் சுமார் 11,000 கொக்கு ஈ இனங்களை விவரித்தவர். தென்னிந்திய இனங்கள் பலவற்றை அவருக்குச் சேகரித்து அனுப்பியவர் காரைக்கால் பக்கம் குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதன். ‘நாதனி’ என்று முடியும் இனப் பெயர்கள் அவர் நினைவாக வைத்தவை. இந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிஷம் கை நின்றுவிடும். ஆனைமலையில் வலையோடு நடந்த நம் ஊர் மனிதர் ஒருவர் இந்தத் துறையின் அடித்தளத்தில் இருக்கிறார். அந்த விவரிப்புகள் எல்லாம் இறந்த பூச்சியைக் கையில் வைத்து, இறக்கை நரம்புகளையும் ஆணின் வயிற்று முனை உறுப்பையும் நுணுகி ஆராய்ந்து எழுதியவை. அந்த உறுப்பு தெரியாத படத்தை வைத்துப் பல இனங்களைப் பிரிக்கவே முடியாது. ‘நெஃப்ரோடோமா, அல்சூர், அக்டோபர்’ என்ற குறிப்பு முழுமையான, பயனுள்ள பதிவு. தவறான இனப் பெயரோ அடுத்தவர் தேடலையும் கெடுக்கும்.

ஆகவே படம் எடுக்கும்போதே யோசிக்க வேண்டும். அழகான ஒரு படத்தைவிடச் சுமாரான நாலு படம் மேல். நேர் மேலிருந்து ஒன்று: நெஃப்ரோடோமாவில் மஞ்சள் முதுகில் மூன்று கறுப்புக் கோடுகள் இருக்கும். ஓரக் கோடுகளின் முன்முனை நேராகப் போகிறதா, வெளியே வளைகிறதா என்பது முக்கியம். தலையின் பின்புறம் உள்ள கரும்பொட்டின் வடிவமும் இதிலேயே கிடைக்கும். பக்கவாட்டில் ஒன்று, மார்பின் பக்கப் புள்ளிகளுக்கும் வயிற்று முனைக்கும். இறக்கை நரம்புகள் தெரிய ஒன்று, வெள்ளைச் சுவரில் உட்கார்ந்திருந்தால் அதிர்ஷ்டம். முகத்துக்கு ஒன்று. ஃப்ளாஷ் இல்லாமல், காலை வெளிச்சத்தில் எடுங்கள். குளிர்ந்த நேரத்தில் பூச்சி அவ்வளவாக நகராது.

அன்று நான் எடுத்த நான்கும் மேலிருந்து எடுத்தவை. வயிற்று முனை இறக்கைக்கு அடியில் மறைந்துவிட்டது, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. நாலு நாள் கழித்துக் கீழ் வீட்டு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவர் வீட்டுக் குளியலறைச் சுவர், அதே மஞ்சள் கறுப்பு, பக்கவாட்டில் எடுத்தது. “தம்பி, இதுவும் அதே பூச்சியா பாருப்பா. அடிக்கலை, அப்படியே விட்டுட்டேன்.” பெரிதாக்கிப் பார்த்தேன். வயிற்று முனை மொட்டுப் போல மேல்நோக்கித் தடித்திருந்தது. நெஃப்ரோடோமா, ஆண் என்று எழுதி, அதோடு நிறுத்திக்கொண்டேன்.