வீட்டு ஷெட்ல கார் லிஃப்ட் போடப் போறீங்களா, முதல்ல தரைக்கு அடியில இன்னா இருக்குன்னு பாருங்க

சொந்த கார நாமே வேலை பாத்துக்கலாம்னு ஆரம்பிக்கற ஆளுங்க நம்ம வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் நெறைய பேரு. ஜாக்கி போட்டு அடியில மல்லாக்க படுத்து ஆயில் மாத்தி பழகிட்டா அடுத்த ஆசை லிஃப்ட்தான். இப்ப லட்சத்துக்கு மேல ஒரு தொகை கையில இருந்தா 4 டன் டூ போஸ்ட் லிஃப்ட் வீட்டு வாசல்லயே வந்து எறங்குது, அதனால வாங்கறது பெரிய விஷயமே இல்ல. அத்த நிக்க வைக்கிற தரைதான் விஷயம். இந்தப் பதிவுல பாதி தரையைப் பத்தியேதான் இருக்கும், போர் அடிச்சாலும் அந்தப் பாதிய தாண்டிப் போவாதீங்க.

எந்த லிஃப்ட்டுன்னு சட்டுனு சொல்லிடறேன். ரெண்டு கம்பம் நட்டு நடுவுல கார தூக்கறது டூ போஸ்ட், சக்கரம் தொங்கும், பிரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லா வேலைக்கும் இதுதான் சரி. நாலு கம்பம் வெச்சது ஃபோர் போஸ்ட், கார் சக்கரத்து மேலயே நிக்கும், ஒரு கார் மேல இன்னொரு கார் நிறுத்தறவங்களுக்கு நல்லது. கூரை தாழ்வா இருக்கறவங்க கத்திரி மாதிரி விரியற சிசர் லிஃப்ட் பாக்கலாம். நான் இங்க சொல்றது டூ போஸ்ட், அதுலயும் ரெண்டு கம்பத்தையும் சேக்கற கேபிளும் ஹோஸும் தரையோட போவும் பாருங்க, அந்த மாடல். மேல பீம் வெச்ச மாடலே 12 அடிக்கு பக்கமா நிக்கும், நம்ம வீட்டு போர்ட்டிகோவுக்கு அது ஆவாது.

உயரம், அகலம்

ஸ்விஃப்ட் அஞ்சு அடி உயரம், இன்னோவா கிட்டத்தட்ட ஆறு அடி. அடியில நிமிர்ந்து நின்னு வேலை செய்ய ஆறு அடி வேணும்னா ஸ்விஃப்ட்டுக்கே 11 அடி ஆச்சு, போர்ட்டிகோ சாதாரணமா 10 அடிதான் இருக்கும். அங்க போட்டா கார நாலரை அடிதான் தூக்க முடியும், ஸ்டூல் போட்டு உக்காந்து வேலை பாக்கணும். பக்கத்துல காலி இடம் இருந்தா தனியா ஷீட் போட்டு 13, 14 அடியில ஷெட் எழுப்பிக்கறது நல்லது. டேப்ப கூரை வரைக்கும் பிடிச்சு அளந்துட்டு வந்துடறாங்க, நடுவுல தொங்கற ஃபேன், டியூப் லைட், ரோலிங் ஷட்டர் சுருளற டிரம், இதெல்லாம் கணக்குல வரவே வராது. கார் மேல போய் ஃபேன் ரெக்கைல முட்டும்போதுதான் ஞாபகம் வரும்.

லிஃப்ட்டோட வெளி அகலம் 11 அடிக்கு மேல வரும், ரெண்டு பக்கமும் ஆள் நடக்கணும்னா 14 அடி வெச்சுக்கோங்க. நீளம் 20 அடி இருந்தா நல்லது, ஏன்னா முன்னாடி ஒரு டேபிள், வைஸ் போட இடம் வேணும்ல.

தரைக்கு அடியில

நம்ம ஊர்ல வீட்டுக்கு முன்னாடி கார் நிக்கற இடத்துக்கு அடியிலதான் சம்ப் இருக்கும். சம்ப் இல்லன்னா செப்டிக் டேங்க். பழைய வீடா இருந்தா தாத்தா காலத்துல மூடுன கிணறு கூட இருக்கலாம், அது மேல மண்ணக் கொட்டி டைல்ஸ் போட்டுட்டு எல்லாரும் மறந்துபோயிருப்பாங்க. சம்ப் மேல இருக்கற ஸ்லாப் நாலு சக்கரத்துல கார் நிக்கறத தாங்கும், ஆனா அதுல ஓட்டை போட்டு போல்ட் எறக்கி மொத்த காரையும் ரெண்டே இடத்துல தூக்கினா தாங்காது. சம்ப் மேல லிஃப்ட் போடவே கூடாது, இதுல பேரம் இல்ல. மாடியில, இல்ல கீழ பேஸ்மென்ட் இருக்கற தரையில போடறதும் அப்படித்தான், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தா ஒழிய யோசிக்கவே வேணாம்.

வீட்டுல பெரியவங்க கிட்ட கேளுங்க, கட்டின மேஸ்திரி கிடைச்சா அவர கேளுங்க, பிளான் இருந்தா எடுத்துப் பாருங்க. அப்புறம் கடப்பாரை தலையால தரைய அடி அடியா தட்டிக்கினே வாங்க. கெட்டியான எடத்துல சத்தம் அடங்கி ணங்னு கேக்கும், பொந்தா இருக்கற எடத்துல டொம்முனு எதிரொலிக்கும். டைல்ஸ் ஒட்டாம நின்னாலும் டொம்முனுதான் கேக்கும், அதனால அந்த எடத்துல ஒரு டைல்ஸ பேத்து மறுபடி தட்டிப் பாத்துடுங்க.

இருக்கற காங்கிரீட் எவ்ளோ கனம்னு தெரியணும்னா ரோட்டோ ஹேமர்ல நீள பிட்டு போட்டு கம்பம் வர்ற எடத்துல ஒரு ஓட்டை போடுங்க, பிட்டு திடீர்னு வழுக்கிக்கினு உள்ள எறங்குது பாருங்க, அங்க காங்கிரீட் முடிஞ்சுது, மண்ணு ஆரம்பம். பெரும்பாலான வீட்டுல மூணு, நாலு இஞ்ச் பிசிசிதான் இருக்கும், கம்பியே இருக்காது. அதுல லிஃப்ட் போடாதீங்க. பேவர் பிளாக், டைல்ஸ், கிரானைட் மேல வெச்சு போல்ட் போடறதும் வேணாம், போல்ட் கடிக்க வேண்டியது காங்கிரீட்ட, அழகுக்குப் போட்ட கல்ல இல்ல.

காங்கிரீட் போடறது

மேஸ்திரிகிட்ட சொன்னா உடனே, "ஆறு இஞ்ச் போட்டா போதும்ண்ணா, லாரியே நிக்கும்"னுவாரு. அவர் சொல்றது பொய் இல்ல, லாரி நிக்கும்தான். ஆனா லாரி தரைய கீழ அமுக்குது, லிஃப்ட் கம்பம் தரைய மேல பிடுங்குது. கார் இருக்கறது கம்பத்துக்கு உள்பக்கம், கை நீட்டி தூக்குது, அதனால கம்பம் உள்பக்கமா சாயப் பாக்கும், வெளிப்பக்க போல்ட்டுங்கதான் அத்த பிடிச்சு இழுத்துக்கினு நிக்கும். 2 டன் வண்டின்னா ஒரு கம்பத்துக்கு 1 டன், அது பேஸ் பிளேட்டோட உள் ஓரத்துல இருந்து ரெண்டு அடி தள்ளி இருக்கு, வெளி போல்ட் ஒரு அடிதான் தள்ளி இருக்குன்னா தோராயமா 2 டன் இழுப்பு அந்த போல்ட்டுங்க மேல. காங்கிரீட் அமுக்கினா தாங்கும், இழுத்தா விரிசல் விடும், கம்பி போடறதே அதுக்குத்தான். மேஸ்திரிக்கு இத்த ஒரு தபா புரிய வெச்சுட்டா அப்புறம் அவரே கரெக்டா செய்வாரு.

லிஃப்ட் கூட வர்ற மேனுவல்ல எவ்ளோ கனம், என்ன கிரேடுன்னு போட்டிருக்கும், அதுக்கு கொறையக் கூடாது. இருக்கற தரைய ஒடைச்சுட்டு புதுசா போடறதா இருந்தா என் பழக்கம், தனித்தனியா ரெண்டு கட்டை போடாம ரெண்டு கம்பத்தையும் சேத்து ஒரே பட்டையா போடறது: 12 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி ஆழம். கம்பம் வெளிப்பக்கம் ஓரத்துல இருந்து தள்ளியே நிக்கணும், பேஸ் பிளேட் பட்டையோட முனையில வந்துச்சுன்னா பட்டைய இன்னும் நீட்டிக்கோங்க. மேல ஒரு வலை, கீழ ஒரு வலைனு 12 எம்எம் கம்பி ஆறு இஞ்சுக்கு ஒண்ணு கட்டிடுங்க. போல்ட் ஓட்டை எங்க வரும்னு முன்னாடியே அட்டையில வெட்டி வெச்சு அந்த எடத்துல கம்பி வராத மாதிரி ஒதுக்கிடணும், இல்லன்னா அப்புறம் டிரில் பிட்டு கம்பில மாட்டிக்கும்.

இந்த அளவுக்கு 48 கன அடி காங்கிரீட். எம் 25, அதாவது ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு கலவைன்னா சிமென்ட் மட்டும் 15 மூட்டை ஆவும். பாறை மண்ணுன்னா தோண்டறப்ப திட்டிக்கினேதான் தோண்டுவீங்க, ஆனா அடிக்கு அத விட நல்லது இல்ல. கரிசலா இருந்தா, ஏரி கரை பக்கம் களியா இருந்தா, இன்னும் ஆழம் எடுத்து கிராவல் கொட்டி திம்ஸ் போட்டு இடிச்சு கெட்டியாக்கிட்டு மேல வாங்க.

தண்ணி விஷயம் நம்ம பக்கத்துக்குன்னே சொல்றேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு தோல் கம்பெனி இருக்கற பக்கமெல்லாம் போர் தண்ணி உப்பு கரிக்கும். 1996ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னதே இந்த தோல் கழிவு தண்ணி விவகாரத்துலதான். அந்தத் தண்ணில காங்கிரீட் கலந்தா உள்ள கம்பி துரு ஏறும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல போவக்கூடாதுன்னு காங்கிரீட்டுக்கான இந்திய ஸ்டாண்டர்ட் ஐஎஸ் 456 சொல்லுது. வாயில வெச்சா கரிக்குதுன்னா கம்முனு ஒரு டேங்கர் நல்ல தண்ணி எறக்கிடுங்க.

அக்னி நட்சத்திரத்துல போடறீங்கன்னா விடியக்காலைல ஆரம்பிச்சு வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சுடணும், 40 டிகிரில மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சு முடி முடியா வெடிக்கும். சுத்தி மண்ணால பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, இல்ல கோணிப்பை போட்டு நனைச்சுக்கினே இருங்க. போல்ட் எறக்கறது 28 நாளுக்கு அப்புறம்தான். ஒரு வாரத்துல கல்லாட்டம் தெரியும், ஆனா அப்ப முழு பலத்துல மூணுல ரெண்டு பங்குதான் வந்திருக்கும். லிஃப்ட் ஷெட் ஓரத்துல பேக்கிங் கூட பிரிக்காம கிடக்கும், வீட்டுல "இன்னா இத்த வாங்கி வெச்சுக்கினு வேடிக்க பாக்கறீங்க"னு கேப்பாங்க, கேக்கட்டும்.

கரென்ட்

இந்த 28 நாள்ல கரென்ட் வேலைய முடிச்சுடலாம். மோட்டார் சாதாரணமா 2.2 கிலோவாட், அதாவது 3 எச்பி. வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இருந்தா த்ரீ ஃபேஸ் மோட்டார் கேட்டு வாங்குங்க, ஃபேஸுக்கு 5 ஆம்பியர் கிட்டதான் இழுக்கும். சிங்கிள் ஃபேஸ்னா 15 ஆம்பியர் பக்கம் போவும், ஸ்டார்ட் ஆவும்போது அதுக்கு பல மடங்கு, சாயங்காலம் லோ வோல்டேஜ்ல மோட்டார் முனகும். போர்டுல இருந்து தனி வயர், தனி எம்சிபி, ஓவர்லோட் வெச்ச ஸ்டார்டர், ஷாக் அடிச்சா கரென்ட்ட கட் பண்ற ஆர்சிசிபி, நல்ல எர்த்து, இதுல எதையும் மிச்சம் பிடிக்காதீங்க, லைசென்ஸ் இருக்கற எலெக்ட்ரிஷியன வெச்சு செய்யுங்க. அடுத்தவங்க கார காசு வாங்கி தூக்க ஆரம்பிச்சா வீட்டு கனெக்‌ஷன்ல ஓட்டாம ஈபில சொல்லி டாரிஃப் மாத்திடுங்க.

கம்பம் நிறுத்தறது

மொத்த லிஃப்ட் அரை டன்னுக்கு மேல. நாலு பசங்க சேந்து தூக்கி நிறுத்தறது வீடியோல நல்லா இருக்கும், வழுக்குச்சுன்னா கால் போயிடும். ஷெட்டுக்குள்ள செயின் பிளாக் மாட்ட இடம் இருந்தா அது, இல்லன்னா ஹைட்ரா கிரேன் வரச் சொல்லுங்க.

முதல்ல கார் வர்ற நடுக்கோட்ட நூல் பிடிச்சு சாக்பீஸ்ல போடுங்க. அதுக்கு குறுக்கால கம்பக் கோடு. மூலை மட்டம் சின்னது, அத நம்பாதீங்க, டேப்புல 3 அடி, 4 அடி, குறுக்கால 5 அடி வருதான்னு பாருங்க, வந்தா மூலை சரி. பவர் யூனிட், அதாவது மோட்டாரும் பம்பும், இருக்கற கம்பத்த முதல்ல நிறுத்தி, அந்த கம்பத்துக்கு மட்டும் ஓட்டை போட்டு முடிச்சுட்டு, அப்புறம்தான் அதுல இருந்து அளந்து ரெண்டாவது.

ஓட்டை போடறத அவசரப்படாம செய்யணும். பேஸ் பிளேட் ஓட்டைலயே பிட்ட விட்டு நேரா எறக்குங்க, ஆங்கர் போல்ட் எந்த சைஸோ அதே சைஸ் பிட்டு, தேஞ்ச பிட்டு வேணாம். ஆழம் மேனுவல்ல இருக்கற மாதிரி. அப்புறம் உள்ள இருக்கற தூள எடுக்கணும், இத்த யாருமே ஒழுங்கா செய்யறதில்ல. சைக்கிள் பம்புல ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூப் சொருகி ஓட்டையோட அடி வரைக்கும் விட்டு அடிங்க, மாவு மாதிரி வெள்ளையா பொங்கி வரும், கண்ணாடி போட்டுக்கோங்க. பிரஷ் விட்டு தேச்சு மறுபடி அடிங்க, தூள் வராம வெறும் காத்து வர்ற வரைக்கும். தூள் இருந்தா போல்ட்டோட அடியில விரியற கிளிப்பு காங்கிரீட்ட கடிக்காம தூளக் கடிச்சுக்கினு இருக்கும், அன்னிக்கு டைட்டாதான் தெரியும். நட்டு ஒண்ண போல்ட் தலைக்கு சமமா மாட்டிட்டு சுத்தில தட்டி எறக்குங்க, மரை அடிபடாது.

இப்ப ரசமட்டமும் தூக்குக்குண்டும். கம்பம் முன்ன பின்ன, பக்கவாட்டுல ரெண்டு பக்கமும் நேரா நிக்கணும். சாஞ்சா, லிஃப்ட் கூட வந்த ஷிம்ம, அதாவது மெல்லிசு இரும்புத் தகட, பிளேட்டுக்கு அடியில, போல்ட்டுக்கு பக்கத்துலயே வைங்க. மரத்துண்டு, டைல்ஸ் துண்டு எல்லாம் வெக்காதீங்க. டார்க் ரெஞ்ச், அதாவது எவ்ளோ இறுக்கம்னு அளவு காட்டற ஸ்பேனர், வெச்சு மேனுவல் சொன்ன அளவுக்கு டைட் பண்ணுங்க. எந்த போல்ட்டாவது டைட் ஆவாம சுத்திக்கினே வந்துச்சுன்னா அந்த ஓட்டை தப்பு, அதுல கார தூக்கக் கூடாது. அதே எடத்துல பெரிய போல்ட் போட்டுக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, கம்பெனிகாரன கேக்காம செய்யாதீங்க.

ஆயில், கேபிள், முதல் தபா

கம்பத்துல கைய தாங்கிக்கினு ஏறி எறங்கற பாகம்தான் கேரியேஜ், ரெண்டு பக்க கேரியேஜும் ஒரே உயரத்து லாக்ல உக்காந்திருக்கணும், தரையில இருந்து டேப் வெச்சு அளந்து பாத்துட்டு அப்புறம் கேபிள் மாட்டுங்க. கேபிளோட வேலை ரெண்டு பக்கத்தையும் சமமா ஏத்தறது, ஒண்ணு தொய்வா இருந்தா கார் கோணலா ஏறும். ஹைட்ராலிக் ஆயில் மேனுவல் சொன்ன கிரேடு, நம்ம வெயிலுக்கு 46 ஒத்துவரும், 32ன்னு போட்டிருந்தா 32தான். த்ரீ ஃபேஸ் மோட்டார் தலைகீழா சுத்தினா லிஃப்ட் ஏறாது, பம்ப் மட்டும் கத்தும், உடனே நிறுத்தி ரெண்டு ஃபேஸ மாத்திக் குடுத்தா சரியாயிடும்.

காலியாவே அஞ்சாறு தபா மேல கீழ ஓட்டுங்க, காத்து வெளிய போய் குலுக்கல் நிக்கும். ரெண்டு பக்க லாக்கும் டக்கு டக்குனு சேந்தே விழணும், ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி விழுந்தா கேபிள சரி பண்ணுங்க.

அப்புறம் கார். லிஃப்ட் கை முனையில இருக்கற பேடு, சின்ன காருக்கு கதவுக்குக் கீழ ஓரமா ஜாக்கி போடற எடத்துல வரணும், பொலேரோ மாதிரி வண்டிக்கு சேசிஸ். எஞ்சின் முன்னாடி இருக்கறதால கார் பாரம் நடுவுல இருக்காது, கொஞ்சம் முன்னாடி தள்ளி இருக்கும், அந்தப் பாரத்தோட நடு கம்பத்துக்கு நேரா வரணும். சக்கரம் தரைய விட்டு ஒரு அடி மேல வந்ததும் நிறுத்தி பம்பர பிடிச்சு நல்லா ஆட்டிப் பாருங்க. பேடு நகந்துச்சுன்னா எறக்கி மறுபடி வைங்க. வேணும்ங்கற உயரத்துக்கு மேல ஏத்தி, கொஞ்சம் எறக்கி லாக் மேல உக்கார வெச்சுட்டுதான் அடியில போகணும், ஆயில் பிரஷர நம்பி யாரும் கீழ நிக்கக்கூடாது. எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழட்டினா முன்பாரம் போயிடும், வண்டி பின்பக்கமா சாயும், கழட்டறதுக்கு முன்னாடியே பின்னாடி உயர ஸ்டாண்ட் குடுத்துடுங்க.

முதல் வாரம் முடிஞ்சதும் எல்லா ஆங்கர் போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வெச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டுல இறுக்கம் லேசா எறங்கியிருக்கும், அது சகஜம். அதே போல்ட்டுல இறுக்கம் அடுத்த வாரமும் எறங்கினா லிஃப்ட்ட நிறுத்திட்டு பிளேட்ட சுத்தி காங்கிரீட்ல முடி விரிசல் ஓடுதான்னு தண்ணி தெளிச்சுப் பாருங்க, மேல் தண்ணி காஞ்சப்புறமும் விரிசல் இருக்கற எடம் கோடு மாதிரி ஈரமா நிக்கும்.