எச்பிவி டெஸ்ட்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

எச்பிவி என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். அதைக் கண்டறியும் டெஸ்ட்டின் விலையைக் கேட்பதற்கு முன் லேபில் இதைக் கேளுங்கள்: மாதிரியில் போதிய செல்கள் இருக்கின்றனவா என்பதை டெஸ்ட்டே சரிபார்க்கிறதா? கோபாஸ், எக்ஸ்பர்ட் ஆகிய பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும்) முறைகள் வைரஸுடன் மனித மரபணு ஒன்றையும் தேடும். அது கிடைக்காவிட்டால் ‘செல்லாது’ என்று ரிப்போர்ட் வரும். அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. மாதிரியை மறுபடி எடுக்க வேண்டும். ஹைப்ரிட் கேப்சர் 2 என்ற இன்னொரு டெஸ்ட்டில் இந்தக் காப்பு கிடையாது. மாதிரி எடுக்கும் பிரஷ் கருப்பை வாயில் சரியாகப் படாத மாதிரிகூட அதில் ‘நெகட்டிவ்’ ஆகிவிடலாம். இதுதான் பெரிய கவலை.

அடுத்து, வகை பிரித்தல். எச்பிவி வகைகளுக்கு எண்களே பெயர். ஹைப்ரிட் கேப்சர் 13 வகைகளையும் சேர்த்து ஒரே விடை தரும். கோபாஸ் 14 வகைகளைத் தேடி, 16, 18 இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும். எக்ஸ்பர்ட் சுமார் 1 மணி நேரத்தில் 16-ஐத் தனியாகவும், 18, 45 இரண்டையும் சேர்த்தும் காட்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு 16, 18 வகைகளே காரணம் என்பதால், இவை பாசிட்டிவ் என்றால் நேராகக் கால்போஸ்கோப்பிதான் (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை).

ஆப்டிமா டெஸ்ட் வைரஸின் இ6, இ7 மரபணுக்கள் செயல்படும்போது உருவாகும் எம்ஆர்என்ஏவைத் தேடுவதால் தற்காலிகத் தொற்றுக்குப் பாசிட்டிவ் வருவது குறைவு. ஆனால் பெண்களே எடுத்துத் தரும் மாதிரிக்கு உலக சுகாதார நிறுவனம் டிஎன்ஏ டெஸ்ட்டையே பரிந்துரைக்கிறது. அதிலும் பிசிஆர் முறையைக் கேளுங்கள்.

மாதிரி எடுக்க மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். பிறப்புறுப்பில் ஜெல் தடவ வேண்டாம், அது பிசிஆரைக் கெடுக்கக்கூடும். அந்தந்தக் கிட்டுக்கு உரிய குப்பியையே பயன்படுத்துங்கள்.