ஸ்பிரிண்ட்டை விளிம்பு வரை நிரப்பாதீர்கள்

அடுத்த ஓரிரு வாரத்துக்கு (அதுதான் ஒரு ஸ்பிரிண்ட்) மென்பொருள் டீம் எந்தெந்த வேலையை எடுப்பது என்று, ஒவ்வொன்றின் அளவையும் பாயிண்ட்டில் கணக்கிட்டு முடிவு செய்வது ஸ்பிரிண்ட் பிளானிங். அது முடியப்போகும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "இன்னும் நாலு பாயிண்ட் இடம் இருக்கே, அந்த ரிப்போர்ட் பக்கத்தையும் சேர்த்துடலாமா?" சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால், பாதிக் கோளாறு அந்தத் தலையாட்டலில்தான் தொடங்குகிறது.

ஆளுக்கு நூறு சதவீதம் வேலை இருந்தால்தான் கொடுக்கிற சம்பளத்துக்கு ஈடு என்று நினைப்பதைப் பெரிய தவறு என்பேன். வரிசையில் காத்திருப்பது பற்றி ஒரு எளிய கணக்கு உண்டு. வேலையைச் செய்வது ஒரே ஆள், வேலைகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றும் பிடிக்கிற நேரமும் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால், புதிதாக வருவது சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் என்றால் 4 மடங்கு, 90 என்றால் 9, 95 என்றால் 19. டீமில் கோட் ரிவ்யூ செய்ய, அதாவது மற்றவர்கள் எழுதிய கோட் சரியா என்று பார்க்க, ஒரே ஒரு சீனியர், அவர் நாள் 95 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றால், அரை மணி நேர ரிவ்யூ ஒன்பதரை மணி நேரம் கிடப்பில் கிடக்கும். யாரும் சோம்பேறி இல்லை, ஆனாலும் எதுவும் நகராது.

இதன் உடன்பிறப்பு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கி வைப்பது. ஒவ்வொரு வேலையையும் ஒரு டிக்கெட்டாக எழுதி வைப்பார்கள். வாரத்துக்கு 4 டிக்கெட் முடிக்கிற டீமில் 12 டிக்கெட் திறந்து கிடந்தால், ஒவ்வொன்றும் முடிய சராசரியாக 3 வாரம் ஆகும். 1961-இல் ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் நிரூபித்த விதி இது. ஆறாகக் குறைத்தால், அதே வேகத்தில், ஒன்றரை வாரம்.

அப்புறம், "இந்த ஒரு ரிலீஸ் மட்டும்" என்கிற ஓவர்டைம். நான் இருந்த ஒரு டீமில் டெமோவுக்காகத் தொடர்ந்து மூன்று சனி, ஞாயிறு வேலை பார்த்தோம். டெமோ நன்றாகவே போனது. இரண்டு மாதம் கழித்து, ஒரே பில்லில் தள்ளுபடி இரண்டு முறை கழிகிறது என்று வாடிக்கையாளர் சொன்னபோது கோட் ஃபைலைத் திறந்தேன்; அதைப் பிடித்திருக்க வேண்டிய டெஸ்ட்டை யாரோ முடக்கி, மேலே 'டெமோ முடிஞ்சதும் எடுக்கணும்' என்று எழுதியிருந்தார்கள். எழுதியது நானேதான், இரவு ஒன்றே முக்காலுக்கு. ஆனால் அந்தப் பிழையைவிட எனக்கு உறைத்தது வேறு. தினமும் காலையில் கூடும் ஸ்டாண்டப் கூட்டம் ஒவ்வொன்றிலும் "இந்த பட்டனை யூசர் எதுக்கு அழுத்தணும்?" என்று குடைந்துகொண்டே இருந்த பெண் அந்த மூன்று வாரத்தில் கேட்பதை நிறுத்தியிருந்தார், நாங்கள் அதை நிம்மதி என்று நினைத்திருந்தோம். ஆள் களைத்துவிட்டதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி நான் பார்த்ததில்லை.

தாமதமானதும் ஆள் சேர்ப்பதும் உதவாது. தாமதமான ப்ராஜெக்ட் அதனால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார். ஆள் கூடினால் பேச்சும் கூடும்: 6 பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 15, 9 பேர் என்றால் 36.

ஆன்-காலில் இருப்பவருக்கும், அதாவது சிஸ்டம் எப்போது விழுந்தாலும் ஓடிவர வேண்டியவருக்கும், முழு ஸ்பிரிண்ட் வேலை ஒதுக்குவது இன்னொரு வழக்கம். சிஸ்டங்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் தன் எஸ்ஆர்இ டீம்களுக்கு, இப்படி ஓடிப்போய்ச் சரிசெய்வது போன்ற ஆபரேஷன்ஸ் வேலை பாதி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று கூகுள் வரம்பே வைத்தது. பேஸ்கேம்ப் மென்பொருளை உருவாக்கும் நிறுவனம் ஆறு வாரம் வேலை செய்தபின் இரண்டு வாரம் பிழை திருத்தவும் மூச்சு விடவும் ஒதுக்குகிறது. அவ்வளவு நமக்குக் கிடைக்காது, சரி. ஆனால் ரிலீஸுக்கு மறுநாளே அடுத்த ஸ்பிரிண்ட்டைத் தொடங்காமல் இரண்டு நாள் விடலாமே.

கடைசியாக மேனேஜர்களுக்கு ஒன்று. இரவு 11 மணிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு "காலைல பார்த்தா போதும்" என்று சேர்த்தாலும் யாரும் காலை வரை பொறுப்பதில்லை, உடனே திறந்துவிடுவார்கள். அனுப்பும் நேரத்தைக் காலை ஒன்பதரைக்கு மாற்றி வைக்க அதே ஆப்பில் வசதி இருக்கிறது.