ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்தாச்சா? முதலில் இதையெல்லாம் பாருங்கள்

அமெரிக்காவில் சின்ன ஊராகப் பார்த்துக் குடியேறிய நம்மவர்கள் சிலர், பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாரே என்று தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு, முதல் நாள் உள்ளே போனதும் எதைத் தொடுவது என்று தெரியாமல் முழிப்பதுண்டு. நானும் அப்படி முழித்தவன்தான். 1736-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் கூட்டாளிகளோடு ஆரம்பித்தபோது தோல் வாளியும் துணிப்பையும்தான் சாமான், இப்போதோ வண்டி வண்டியாக இருக்கிறது. புதிதாக வருபவர் தலையில் பெரும்பாலும் விழுவது இந்தச் சாமான்களின் வாரச் சோதனை. சலிக்காமல் செய்யுங்கள், நிலையமே பிடிபட்டுவிடும்.

புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவியில் ஆரம்பியுங்கள். அந்த சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. 4,500 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) சிலிண்டர் என்றால் முள் 4,050-க்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது, இறங்கியிருந்தால் நிரப்பிவிடுங்கள். வால்வை முழுக்கத் திறந்து, கருவியை அசைக்காமல் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அரை நிமிடத்தில், போட்டிருப்பவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து அது காது கிழிய அலறும். அலறவில்லையா, அந்தக் கருவி திரும்ப வண்டி ஏறக் கூடாது. மேலே ‘30 நிமிடம்’ என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள், ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறுபவருக்கு அவ்வளவு நேரம் வராது. மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும் என்பதால் தாடி கூடாது. விளிம்புக்குள் அடங்குகிற மீசைக்குத் தடையில்லை, அந்த மட்டும் நிம்மதி.

அடுத்தது தண்ணீர். கிராமத்துப் பக்கம் தெருவுக்குத் தெரு ஹைட்ரண்ட் (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்) கிடையாது. வண்டியில் 1,000 கேலன், அதாவது சுமார் 3,800 லிட்டர் இருந்தாலும், ஒன்றே முக்கால் அங்குல ஹோஸ் ஒன்று நிமிடத்துக்கு 150 கேலன் குடித்தால் ஏழு நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் டேங்கர் வந்து மடக்குத் தொட்டியில் கொட்ட வேண்டும், இல்லையா, குளத்தில் இருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுவது நம்ம ஊர்க் கிணற்று மோட்டார் கதையேதான்: எங்காவது ஏர் புகுந்தால் தண்ணீர் ஏறாது. அதனால் உறிஞ்சு குழாயின் இணைப்பில் இருக்கும் வாஷரை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு மணல் பொடி, ஒரு சின்ன வெடிப்பு போதும், அவசரத்தில் மானத்தை வாங்கிவிடும். பம்பின் வெற்றிடச் சோதனையை அனுபவஸ்தர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்: வெற்றிட அளவியின் முள் 22 அங்குலம் (பாதரச அளவில்) தொட்டபின் ஐந்து நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. குளிர்காலத்தில் வண்டிக்கூடத்தின் ஹீட்டரைப் பாருங்கள், தண்ணீர் உறைந்தால் பம்பே வெடிக்கும்.

நனைந்த ஹோஸை அப்படியே சுருட்டி வைக்காதீர்கள். கழுவி, ஹோஸ் காயவைப்பதற்கென்றே நிலையத்தில் இருக்கும் கோபுரத்தில் தொங்கவிட்டுக் காயவைத்து, திரும்ப அடுக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடியுங்கள்.

உடுப்பை மாட்டி வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பேண்ட்டை பூட்ஸுக்கு மேலேயே சுருட்டி இறக்கி வைத்துவிட்டால், பேஜர் கத்தியதும் இரண்டு காலையும் உள்ளே விட்டு ஒரே இழுப்பில் மேலேற்றிவிடலாம். தீயில் இருந்து வந்த உடுப்பை மட்டும் காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று 2022-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. புகைக்கறையைப் பெருமையாகக் காட்டித் திரிகிற பழைய ஆட்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம், நிலையத்து வாஷிங் மெஷினிலேயே துவையுங்கள். தயாரித்த தேதியும் உள்ளே தைத்திருக்கும். 10 வருடம் ஆனால் அந்த உடுப்பு தீக்குள் போகக் கூடாது.

பெட்ரோலில் ஓடும் ரம்பங்களை வெளியே எடுத்துப்போய் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பாருங்கள். பழைய பெட்ரோல் கிடந்து ஒன்று கிளம்பாமல், பயிற்சியின்போது எல்லார் முன்னாலும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்துப்போனது எனக்கு.

அப்புறம் சமையலறை. அதையும் கருவி என்றே எண்ணுங்கள், ஞாயிறு காலை ஊருக்கே பான்கேக் சுட்டு விற்றுத்தான் பல நிலையங்கள் செலவுக்குக் காசு சேர்க்கின்றன. அந்தப் பெரிய இரும்புக் கல்லைத் தேய்த்து வைப்பதும் புதியவர் வேலைதான். அதில் தோசையும் நன்றாகவே வருகிறது.