சோலார் லைட்டுக்கு எவ்வளவு ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள்

கிராம சபையில் வழக்கமாக நடப்பது இதுதான். ஒருவர் எழுந்து, "சோலார் லைட்டுக்கு எவ்வளவுங்க செலவாச்சு?" என்பார். ஊராட்சி செயலர் பதிவேட்டைப் புரட்டி ஒரு தொகையைச் சொல்வார். கேட்டவருக்கு அது அதிகமாகப் படும், ஆனால் மேற்கொண்டு கேட்கக் கையில் எதுவும் இருக்காது. உட்கார்ந்துவிடுவார். சூரிய ஒளித் திட்டத்தில் பணம் ஒழுகும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: பணி ஆணையில் எழுதிய பொருள்தான் கம்பத்தில் ஏறியதா, ஏறியதை ஒப்பந்தக் காலம் முழுக்கப் பராமரித்தார்களா? இந்த இரண்டையும் விட்டுவிட்டுத் தொகையைத் துரத்துவதுதான் முதல் தவறு.

அதன் தம்பி ஒன்று உண்டு. ஆன்லைன் கடையில் மூவாயிரத்துக்குக் கிடைக்கும் சோலார் விளக்கின் படத்தை எடுத்துவந்து "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்பது. ஊராட்சியின் விலையில் கம்பம், கான்கிரீட் அடித்தளம், பொருத்தும் கூலி, வரி, பல வருடப் பராமரிப்பு எல்லாம் அடங்கியிருக்கும். ஒப்பந்ததாரர் அதை ஒரே நிமிடத்தில் விளக்கிவிட்டுப் போய்விடுவார். அடுத்து நீங்கள் சொல்லும் நியாயமான புகாரையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஒப்பிட வேண்டுமானால் அதே ஆண்டு, அதே விவரக்குறிப்பு, அதே பராமரிப்புக் காலத்தில் பக்கத்து ஒன்றியத்தில் போன பணி ஆணையோடு ஒப்பிடுங்கள்.

பொருளை எப்படிச் சோதிப்பது? "எரியுதா, எரியலையா" என்று பார்ப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆய்வு நடக்கும் மாலையில் எல்லா விளக்கும் எரியும். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 12 வாட் விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 144 வாட்-ஹவர். இழப்பையும் சேர்த்து 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணையில் 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி என்று இருந்தால், இரண்டையும் பெருக்க, அதன் கொள்ளளவு 384 வாட்-ஹவர். அதில் 80 சதவீதத்தை எடுத்தாலும் வெயிலே இல்லாமல் கிட்டத்தட்ட இரண்டு இரவு தாங்கும். அதற்குப் பதில் 12 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை உள்ளே வைத்தால் 154தான். நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய விடியும்வரை எரிந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் மூட்டம் போட்டால் இரண்டாம் இரவு எட்டு மணிக்கே தெரு இருட்டு. அதனால் விளக்கைப் பார்க்க வேண்டிய நேரம் மழைக்கால விடியற்காலை நாலரை மணி. எந்தக் கம்பம் எத்தனை மணிக்கு அணைந்தது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதினால் அதுவே பாதி அறிக்கை.

பேனலுக்கும் அப்படித்தான். 75 வாட் பேனல் நம் ஊர் வெயிலில் இழப்பு போக நாளுக்குச் சுமார் 250 வாட்-ஹவர் தரும். 40 வாட் பேனல் 135ஐத் தாண்டாது. ஒரு இரவுக்குத் தேவையானதே 160 என்பதால் அந்தக் கம்பம் தினமும் கடனில்தான் ஓடும். கம்பத்தில் ஏறிப் பார்க்காதீர்கள். பெட்டியைத் திறக்கவும் வேண்டாம், பகலில் பேனல் முனையில் எப்போதும் மின்னழுத்தம் இருக்கும். தரையிலிருந்தே அளக்க ஒரு வழி உண்டு. பேனலின் கிடைமட்ட ஓரம் சமதளத் தரையில் விழுத்தும் நிழல், அந்த ஓரத்தின் நீளத்துக்குச் சமம். நிழலின் விளிம்பு மங்கலாக இருப்பதால் நாலைந்து சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம். அதை ஒப்பந்தப்புள்ளியோடு இணைத்த தரவுத்தாளில் உள்ள நீள அகலத்தோடு வைத்துப் பாருங்கள். 75 வாட் பேனலின் பரப்பு ஏறத்தாழ அரை சதுர மீட்டர் இருக்கும். கூடவே பேனல் தெற்கு பார்த்திருக்கிறதா, வேப்பங்கிளை நிழல் விழுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு மூலையில் விழும் நிழலே உற்பத்தியைப் பெரிதாக வெட்டிவிடும். அது ஊழலா, இடம் தேர்ந்தெடுத்த அலட்சியமா என்பது வேறு. இரண்டையும் ஒரே புகாரில் கலக்காதீர்கள்.

காகிதத்துக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களில் அதிகம் வீணாவது "ஏன்" என்று தொடங்கும் கேள்வி. "ஏன் தரமற்ற விளக்கு அமைத்தீர்கள்?" என்று கேட்டால் "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துவிடும். கேள்வியைக் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: நிர்வாக அனுமதி ஆணை, விவரக்குறிப்புடன் கூடிய மதிப்பீடு, பணி ஆணை, முடிந்த வேலையை அளந்து பதியும், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பேனல் பேட்டரிகளின் வரிசை எண்ணோடு கூடிய இன்வாய்ஸ், பராமரிப்பு ஒப்பந்தம், பழுதுப் புகார்ப் பதிவேடு. இந்த ஏழில் எம்-புக்கும் வரிசை எண்ணும்தான் உயிர். 40 விளக்கு என்று எம்-புக்கில் ஏறியிருந்து ஊரில் 33 கம்பம்தான் நிற்கிறது என்றால் வாதமே தேவையில்லை.

சட்டத்தின் 2(ஜே) பிரிவு நகல் வாங்க மட்டும் இல்லை. பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளித்த மாதிரி பெறவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. "அனைத்து ஆவணங்களும் தேவை" என்று எழுதினால் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பெரிய தொகை கேட்டுக் கடிதம் வரும். முதலில் கோப்பைப் பார்வையிட அனுமதி கேட்டு, வேண்டிய பக்கங்களைக் குறித்து, அவற்றுக்கு மட்டும் நகல் கேளுங்கள்.

கட்டணத்திலும் மனு திரும்பிவிடும். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அமைப்பு என்றால் அது செல்லாது. போஸ்டல் ஆர்டரோ டிமாண்ட் டிராப்டோ வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் 6(3) பிரிவின்படி 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்பதால் அதற்காகப் பயப்பட வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இரண்டு மூன்று மாதம் ஓட்டுவதால்தான் பல நல்ல மனுக்கள் செத்துப்போகின்றன. மாநிலத் தகவல் ஆணையத்துக்கான இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள்.

யாருடைய பணம் என்று தெரியாமல் ஊராட்சித் தலைவரிடம் சண்டைக்குப் போவதும் அடிக்கடி நடக்கிறது. அதே தெருவில் பத்துக் கம்பம் எம்.எல்.ஏ. நிதி, ஐந்து எம்.பி. நிதி, மீதி நிதிக்குழு மானியம் என்று இருக்கும். கொள்முதல் செய்தது ஒன்றியமாகவோ மாவட்ட அலுவலகமாகவோ இருக்கலாம். நிர்வாக அனுமதி ஆணையின் தலைப்பில் திட்டப் பெயர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டுங்கள். 2021 முதல் 2026 மார்ச் வரையிலான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டுண்டிருந்தது. தெருவிளக்கு அந்தக் கணக்கில் எழுதப்பட்டிருந்தால் விளக்கு எவ்வளவு நன்றாக எரிந்தாலும் அது தணிக்கை ஆட்சேபம். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சிவாரியாகச் செலவுச் சீட்டுகள் தெரியும். ஒரே தேதியில், ஒரே நிறுவனத்துக்கு, ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய வரம்புக்குச் சற்றுக் கீழே மூன்று நான்கு தொகைகள் வரிசையாக நின்றால் வேலையைத் துண்டு போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

பள்ளிக்கூட மாடியிலும் அலுவலக மாடியிலும் இருக்கும் சோலார் நிலையத்துக்குக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரி 4 யூனிட் எதிர்பார்க்கலாம். 10 கிலோவாட் நிலையம் ஆண்டுக்கு 14,000 யூனிட்டை ஒட்டித் தர வேண்டும். நவம்பர் மாதப் பில்லைக் காட்டி "உற்பத்தியே இல்லை" என்று எழுதுவது தவறு; வடகிழக்குப் பருவமழையில் இறங்கத்தான் செய்யும். இன்வெர்ட்டர் திரையில் மொத்த உற்பத்தி எண் ஓடிக்கொண்டிருக்கும். இன்று ஒரு படம், சரியாக ஒரு வருடம் கழித்து ஒரு படம், இரண்டுக்கும் இடையிலான கழித்தல் போதும். 9,000தான் வந்திருக்கிறது என்றால் தூசி, நிழல், எரிந்துபோன ஃபியூஸ், அடிக்கடி டிரிப் ஆகும் இன்வெர்ட்டர் என்று தேட வேண்டியது பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் வேலை.

விவசாயிகளுக்கு மானியத்தில் தரும் பி.எம். குசும் திட்ட சோலார் பம்புகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பயனாளிகளின் பெயர், ஆதார், வங்கி விவரம் கேட்டு மனு போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்க வழி செய்திருக்கிறது. கிராமவாரியாகப் பம்புகளின் எண்ணிக்கை, குதிரைத்திறன், வரிசை எண், தொலைக் கண்காணிப்புக் கருவி தரவு அனுப்பிய நாட்கள் என்று கேளுங்கள். தரவே அனுப்பாத பம்பு எது என்று தெரிந்தால் ஆளின் பெயர் தானாகத் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் சேர்த்த பிறகு கிராம சபையில் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வருவது கடைசித் தவறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். ஒரு வாரம் முன்பே எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் 30ஐக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கம்ப எண், அணைந்த தேதி, புகார் தந்த தேதி மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். பணி ஆணையில் பாதுகாப்பு வைப்புத்தொகை எப்போது ஒப்பந்ததாரருக்குத் திரும்பும் என்று ஒரு தேதி இருக்கும். அதற்கு மூன்று மாதம் முன்பு வரும் கிராம சபையைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அந்தப் பணம் அலுவலகத்தின் கையில் இருக்கும்வரைதான் செத்த பேட்டரியை மாற்ற ஆள் வருவார்.